600 டிகிரி டப்பாவும் புல்லட் பிளாக்கும்

பெயின்ட் கடையில் சூடு தாங்கும் பெயின்ட் கேட்டால் உடனே திரும்பி வரும் கேள்வி, “எத்தனை டிகிரி சார்?” என்பதுதான். வேலையில் இருந்தவரை நானும் அதையே முதலில் கேட்டவன். வடசென்னையில் ஓர் அனல் மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவு. கொதிகலன் உறை, புகைக் குழாய், நீராவிக் குழாய்த் தாங்கிகள் என்று எதற்குப் பெயின்ட் வாங்கினாலும் கோப்பில் முதல் வரி வெப்பநிலையாகத்தான் இருக்கும். அங்கே அது சரியான கேள்வி. மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு அது மூன்றாவது கேள்வி. அதற்கு முன்பு கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: பெயின்ட் மேல் பெட்ரோல் சிந்துமா? பூசியதை எங்கே வைத்துச் சுடப் போகிறீர்கள்?

மாமனார் ஓட்டிய 1978 மாடல் புல்லட் 350ஐப் பிரித்து மறுபடி கட்டும் பொறுப்பு சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது. மைத்துனர்கள் இருவரும் வெளிநாட்டில். வண்டி எங்கள் திருவொற்றியூர் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போர்வைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அது செய்யப்பட்டதும் இதே ஊரில்தான். 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டபின் தொழிற்சாலை எழும்பிய இடம் இது. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர் (பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேலே மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். பெயின்ட் வாங்குகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசி விவரத்தைத்தான்.

ஏனென்றால் இரும்புக்குப் பெயின்ட் அவசியம், அலுமினியத்துக்கு அவசியமில்லை. கடற்காற்று வீசும் ஊரில் வெறும் வார்ப்பிரும்பு ஒரே இரவில் பழுப்பேறிவிடும். அலுமினியமோ தன் மேல் தானே ஓர் ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொண்டு கவலையில்லாமல் இருக்கும். ஆகவே புல்லட் எஞ்சினில் பெயின்ட் கேட்கும் பாகம் உண்மையில் ஒன்றே ஒன்று, பிளாக். ஹெட்டைச் சுத்தம் செய்து அப்படியே விடலாம். கிராங்க் கேஸும் அப்படித்தான். டைமிங் கவரையும் ராக்கர் மூடிகளையும் பாலிஷ் போட்டால் போதும். இப்போது யூடியூப் பார்த்துவிட்டுத் தலை முதல் கால் வரை எஞ்சினைக் கறுப்பாக அடித்துவிடுகிறார்கள். பாலிஷ் போட்ட அலுமினியத்தின் மேல் பெயின்ட் எளிதில் பிடிக்காது. ஸ்பேனர் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்து வண்டியே தேமல் பிடித்ததுபோல் நிற்கும். அவரவர் வண்டி, அவரவர் ரசனை. ஆனால் அதை ‘ரெஸ்டோரேஷன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் வண்டியின் பிளாக்கில் மேலே இருந்தது யாரோ பிரஷ்ஷால் அப்பிய கறுப்பு. அதைச் சுரண்டினால் அடியில் ஒரு மங்கிய சில்வர். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டாப்பெட் மூடிக்குப் பின்னால், பிரஷ் எட்டாத மூலையில், அந்த சில்வர் முழுதாகவே இருந்தது. நிறம் எது என்ற விவாதம் அத்துடன் முடிந்தது.

இனி டிகிரிக் கணக்கு. புல்லட் பிளாக் எவ்வளவு சூடாகிறது? நண்பர் ஒருவரின் ஓடுகிற புல்லட்டை நண்பகலில் மாமல்லபுரம் வரை ஓட்டிச் சென்று நிறுத்திய கையோடு அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன். பிளாக்கின் மேல் ஃபின்கள், அதாவது சூட்டைக் காற்றில் விடும் தகடுகள், 150 டிகிரியை ஒட்டி இருந்தன, கீழே போகப் போகக் குறைந்தது. எஞ்சின் புகை போகும் பெண்ட் பைப் ஹெட்டிலிருந்து வெளியேறும் இடம் மட்டும் 300ஐத் தாண்டிக் காட்டியது. இந்தக் கருவியைப் பளபளப்பான அலுமினியத்தின் மேலோ குரோம் மேலோ பிடித்துவிட்டு எண்ணை நம்ப வேண்டாம். மினுங்கும் உலோகம் வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளியிடும், கருவியும் குறைத்துத்தான் காட்டும். பெயின்ட் அடித்த பரப்பின் மேல் பிடித்தால் எண் ஓரளவு நம்பும்படி இருக்கும்.

வெயில், சிக்னல் நெரிசல், பின்னால் ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாலும் பிளாக்குக்கு 250 டிகிரி தாங்கும் பெயின்ட் தாராளம். கடையில் 600, 700 என்று போட்ட டப்பாவைத் தேடி அலைவதற்கு எந்தத் தேவையும் இல்லை. தேவையில்லை என்பதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பிளாக்கைப் பொறுத்தவரை அந்த டப்பா சரியான தேர்வே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. இறக்குமதி டப்பாக்களில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் ஃபாரன்ஹீட். 1200 என்று கண்ணைப் பறிக்கும் எண் செல்சியஸில் 650 அளவுதான். 550 என்று போட்டிருந்தால் 288. நம் நாட்டுத் தொழிற்சாலை டப்பாக்களில் செல்சியஸ்தான் இருக்கும். சூடு தாங்கும் அலுமினியப் பெயின்ட்டுக்கு ஐ.எஸ். 13183 என்ற இந்தியத் தர அளவை உண்டு. அதில் மூன்று கிரேடுகள்: முதலாவது 600 டிகிரி வரை, இரண்டாவது 400, மூன்றாவது 200. இந்த இரண்டு வகை டப்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கிச் செல்பவர்களைக் கடையில் என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

உயர் வெப்பப் பெயின்ட்டின் உயிர் சிலிகான் பிசினில் இருக்கிறது. சாதாரண சிந்தெடிக் எனாமலின் பிசின் கார்பன் சங்கிலிகளால் ஆனது. சூட்டில் அந்தப் பிணைப்புகள் அறுந்து ஆக்சிஜனோடு சேரும். அதனால்தான் எனாமல் 100 டிகிரியை ஒட்டியே மஞ்சளாகத் தொடங்கி, பிறகு பழுப்பாகி, கடைசியில் பொருக்காக உதிர்கிறது. சிலிகான் பிசினின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்தது. அந்தப் பிணைப்பை அறுப்பது கார்பன் பிணைப்பை அறுப்பதைவிடக் கடினம். மேலும் மேலும் சூடேற்றினால் பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கும் கரிமப் பகுதிகள் எரிந்துபோய், மிஞ்சுவது ஏறக்குறைய மணலின் சாரமான சிலிக்காதான். அதோடு அலுமினியத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுகி நிற்கும். புகைபோக்கியில் பல ஆண்டுகள் நிற்பது அந்தப் படலம்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பிசின் காற்றில் முழுதாக இறுகுவதில்லை. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும், அவ்வளவே. உள்ளுக்குள் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாக வேண்டுமானால் 200 டிகிரியோ அதற்கு மேலோ அரை மணி, ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். வி.எச்.டி. நிறுவனத்தின் ஃபிளேம்ப்ரூஃப் வகை டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால், செல்சியஸ் கணக்கில் சுமார் 120, பிறகு 200, பிறகு 315 என்று மூன்று படிகளில், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இடையிடையே ஆறவிட்டுச் சுடச் சொல்கிறார்கள். பெண்ட் பைப் அந்தச் சூட்டைத் தானாகவே எட்டிவிடும். 150ஐ ஒட்டி ஓடும் பிளாக்கின் ஃபின் ஆயுள் முழுக்க ஓடினாலும் 315ஐப் பார்க்காது. ஆக 600 டிகிரி பெயின்ட்டைப் பிளாக்கில் அடித்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பெயின்ட் கடைசி வரை அரைவேக்காடுதான். அதன் மேல் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து ஒரு கைப்பிடி பெட்ரோல் கொட்டினால் போதும்.

இதைக் காகிதத்தில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ராயபுரத்தில் எங்கள் மெக்கானிக் பாய் கூட, “சார், அறுநூறு தாங்குவது இருநூறு தாங்காதா?” என்றுதான் சிரித்தார். நியாயமான கேள்வி. புதுப்பேட்டையில் ஃபின் உடைந்த ஒரு பழைய பிளாக்கை எடைக்கு வாங்கி வந்தேன். துரு நீக்கி, தின்னரில் துடைத்து, அதை நான்கு பட்டைகளாகப் பிரித்து நான்கு பெயின்ட். சாதாரண சில்வர் சிந்தெடிக் எனாமல் ஒன்று. நான் வாழ்நாளெல்லாம் வாங்கிய தொழிற்சாலை வகை அலுமினியப் பெயின்ட், முதல் கிரேடு, இரண்டாவது. சிலிகான் ஸ்பிரே டப்பா மூன்றாவது. எஞ்சின் எனாமல் என்று தனியாக விற்கும் 288 டிகிரி வகை நான்காவது. ஒரு வாரம் காயவிட்டு, பெட்ரோலில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் தேய்த்தோம். பாய்தான் தேய்த்தார், நான் சாட்சி.

எனாமல் கொஞ்சம் மங்கியது, நின்றது. சிலிகான் ஸ்பிரே துணியோடு வழித்துக்கொண்டு வந்துவிட்டது. என் அருமைத் தொழிற்சாலைப் பெயின்ட் துணியையும் பாய் விரல்களையும் வெள்ளியாக்கியது. எஞ்சின் எனாமல் சற்றே இளகியது, பெயரவில்லை.

பிறகு பிளாக்கைச் சுட்டோம். சுட்டது எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன். 200 டிகிரியில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்தபோது சிந்தெடிக் எனாமல் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. நகத்தால் கீறினால் பொடியாக விழுந்தது. மற்ற மூன்றும் நிறம் மாறவில்லை. மறுபடி பெட்ரோல் துணி. இம்முறை சிலிகான் ஸ்பிரே ஓரளவு தாங்கியது, பளபளப்பு மட்டும் போனது. தொழிற்சாலைப் பெயின்ட் பெட்ரோலுக்கு நின்றது. ஆனால் அதன் மேல் பழைய எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் துடைத்தபோது கறை போகவே இல்லை. செதில் செதிலாக மேலே படிந்திருக்கும் அந்த அலுமினியத் துகள் ஆயிலைக் குடித்துக்கொள்கிறது. புகைபோக்கியில் யாரும் ஆயில் ஊற்றுவதில்லை, அதனால் அங்கே இந்தக் குறை வெளியே தெரியாது. புல்லட்டில் டாப்பெட் மூடி கசியாத வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. எஞ்சின் எனாமல் பட்டையில் பெட்ரோலும் ஒன்றும் செய்யவில்லை, ஆயிலும் துடைத்ததும் போய்விட்டது.

அடுத்து ஒரு சின்ன டப்பியில் பங்க்கில் பிடித்த பெட்ரோலை ஊற்றி, அந்த ஃபின்னை அதில் மூழ்க வைத்து ஓர் இரவு விட்டேன். இப்போது கிடைப்பது எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோலுக்கு நின்ற பெயின்ட் எல்லாம் இதற்கு நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுட்ட எஞ்சின் எனாமல் நின்றது. அன்றே முடிவு செய்துவிட்டேன். 600 டிகிரிக்காரனாகவே ஓய்வுபெற்றவன் 288 டிகிரி டப்பாவை வாங்கினேன் என்று பழைய சகாக்களிடம் சொன்னபோது போனில் ஒரு நிமிடம் மௌனம்.

இந்த எனாமலின் இன்னொரு நல்ல குணம், அது கேட்கும் சூடு குறைவு. 93 டிகிரியில் இருபது நிமிடம் போதும் என்கிறது டப்பா. அந்தச் சூட்டை எஞ்சினே ஓடும்போது கொடுத்துவிடும். பிறகு எதற்கு அடுப்பு என்று கேட்கலாம். பிளாக் புதிதாகப் போர் போட்டது, அதாவது தேய்ந்த துளையைக் கடைந்து சரிசெய்தது, என்பதுதான் காரணம். புதிய பிஸ்டனும் ரிங்கும் போரில் படியும் முதல் சில மணி நேரம் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது. அந்த நேரத்தில் பெயின்ட் வேகட்டும் என்று வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஐடிலில் விட்டால், காற்றோட்டம் இல்லாமல் சூடேறும். ரிங் படியாமல் போர் சுவர் கண்ணாடிபோல் மழமழவென்று ஆகிவிடும். பெயின்ட்டுக்காகப் போரைப் பலி கொடுக்கக் கூடாது. கட்டுவதற்கு முன்பே சுட்டுவிட வேண்டும்.

வீட்டு ஓவனில் சுடலாம் என்று சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். அந்தப் புகை சாப்பிடுகிற பொருளோடு சேர வேண்டியதல்ல. வெளிநாட்டில் கேரேஜில் தனி ஓவன் வைத்திருப்பவர்களுக்குப் பரவாயில்லை. நாங்கள் போனது அம்பத்தூரில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை. சாயங்காலம் கடைசி லாட் வெளியே வந்தபின் ஓவன் ஆறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார் உரிமையாளர். டீச் செலவுக்கு மேல் எதுவும் வாங்கவில்லை. கூடவே, பவுடர் கோட்டிங்கே போட்டுவிடலாமே என்றும் கேட்டார். ஃப்ரேமுக்கு அவரிடமே போட்டோம், அருமையாக வந்தது. பிளாக்குக்கு வேண்டாம் என்றேன். சாதாரண பாலியஸ்டர் பவுடர் உருகி இறுகுவதே 180 முதல் 200 டிகிரிக்குள். வேலை செய்யும் சூடு அதற்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பாகத்தில் அது எனக்குப் பிடிக்கவில்லை. அது தவிரப் படலமும் தடிமன். ஃபின்களுக்கு நடுவே தடித்த கம்பளி போர்த்துவதை எந்த எஞ்சினும் விரும்பாது.

பட்டறை ஓவனை முதலில் பயன்படுத்தியது பெயின்ட் அடிப்பதற்கு முன்னால். நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஆயிலில் ஊறிய வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் இருப்பது எந்தத் தின்னருக்கும் வெளியே வராது. வெறும் பிளாக்கை 200 டிகிரியில் வைத்து எடுத்தால் பழுப்பாக வியர்த்திருக்கும். அதைத் துடைத்து, மறுபடி ஒருமுறை வைத்து, வியர்ப்பது நின்றபின்தான் பெயின்ட். இதைச் செய்யாவிட்டால் அந்த ஆயில் பின்னாளில் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து கிளம்பும். அப்போது கொப்புளம் வந்துவிட்டது என்று பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

வேலை வரிசையில் லேத் பட்டறைக்காரருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் போர் போடலாம் என்றார் அவர். பிளாக்கை இயந்திரத்தில் இறுக்கிக் கட்டும்போது பெயின்ட் போய்விடும் என்றேன் நான். கடைசியில் இப்படிச் செய்தோம்: முதலில் போர் போட்டு, துளைச் சுவரைக் கடைசியாக நுண்மையாகத் தேய்க்கும் ஹோனிங்கை மட்டும் நிறுத்தி வைத்தோம். மரக் கட்டையை வட்டமாகக் கடைந்து போரின் இரு பக்கமும் அடைத்து, புஷ்ராடு போகும் வழிகளையும் டாப்பெட் அறையையும் ரப்பர் அடைப்பு வைத்து மூடி, சாண்ட் பிளாஸ்டிங். சோப்பு நீரில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, துரு எட்டிப் பார்ப்பதற்குள் ஓவன், பெயின்ட், மறுபடி ஓவன். கடைசியாக ஹோனிங். போரில் தப்பித் தவறி ஒட்டியிருக்கும் மணல், சுட்டதில் வந்த படலம் எல்லாம் அதில் போய்விடும். ஹோனிங் எண்ணெயை வெந்த பெயின்ட் தாங்கிக்கொண்டது. மணல் விஷயத்தில் ஹெட்டை மட்டும் அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள். ஹெட்டில் ஒளிந்துகொண்ட ஒரு சிட்டிகை மணல் எஞ்சினுக்குள் இறங்கினால் செய்த செலவு முழுதும் வீண். அதேபோல் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் இடங்கள் உண்டு. இரும்புக்குச் சரி, அலுமினியத்தை அது அரித்துவிடும்.

அடிக்கும் முறையில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மெல்லிய படலமாக, பல கோணங்களிலிருந்து, ஃபின்னின் வேரிலிருந்து வெளியே வரும்படி அடிக்க வேண்டும். ஃபின் விளிம்புகளை முதலில் அடித்தால் அங்கே தடிமன் ஏறும், இடுக்கு வெறுமையாகவே நிற்கும். தடிமன் ஏறிய இடம் சூட்டில் கொப்பளிக்கும். பிளாக்கின் அடிப்பரப்பும் ஹெட் உட்காரும் மேல் பரப்பும் முழுக்க டேப்பால் மறைக்கப்பட வேண்டும். கேஸ்கெட்டுக்கு அடியில் பெயின்ட் மாட்டினால் சூட்டில் அது நசுங்கும், நட்டின் இறுக்கம் தளரும், ஆயில் கசியும். சாதாரண மெட்டல் பிரைமர் அடிக்கவே கூடாது. மேலே இருக்கும் பெயின்ட் எத்தனை டிகிரி தாங்கினாலும் அடியில் இருப்பது எரிந்தால் எல்லாம் சேர்ந்து உரியும். சாண்ட் பிளாஸ்டிங் செய்த இரும்பின் சொரசொரப்பே போதுமான பிடிமானம்.

கறுப்பா சில்வரா என்பதில் தெருவில் ஆளுக்கொரு பௌதிகம். கறுப்பு சூட்டை இழுக்கும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். வெயிலில் நிறுத்தியிருக்கும்போது அது உண்மை. ஓடும் எஞ்சினில் கறுப்பு சூட்டை நன்றாகவே வெளியிடும், சில்வரைவிட நன்றாக. ஆனால் ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பவை. ஒரு ஃபின் வீசும் கதிரில் பெரும்பகுதியை அடுத்த ஃபின் வாங்கிக்கொள்கிறது. சூட்டைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஓடும்போது வீசும் காற்றுதான். ஆகவே நிறத்தைக் கண்ணுக்காகத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் டாப்பெட் மூடிக்குப் பின்னால் கண்ட அந்தச் சில்வரையே பின்பற்றினோம்.

பெண்ட் பைப்புக்கு எதுவும் அடிக்கவில்லை. அது குரோம். ஹெட் பக்கத்தில் நீலம் பாய்ந்திருக்கிறது, பாயட்டும். குரோம் இல்லாத வெறும் இரும்பு பைப் வைத்திருப்பவர்களுக்கு அந்த 600 டிகிரி டப்பா பொருத்தமானது. அங்கே பெட்ரோல் சிந்தாது, சூடு தானாகவே வேகவைக்கும், முதல் கேள்வியாக டிகிரியைக் கேட்பதும் சரிதான்.

எஞ்சினைக் கட்டும்போது பிளாக்கின் அடி நட்டுகளை முடுக்கிய ஸ்பேனர் ஒரு ஃபின் நுனியில் பட்டுப் பெயின்ட் பெயர்ந்தது. பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸ்பிரே டப்பாவை அதன் மூடிக்குள்ளேயே பீய்ச்சி, சிறு பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தொட்டு, மறுநாள் ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினோம். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான். டேங்க் வண்டியில் இருக்கும்போது ஹாட் ஏர் கன் பக்கம் யாரும் போக வேண்டாம்.